கூவம் பிறக்கும் இடத்தில் ஒரு போர்க்களம்

கோடை வந்துவிட்டால் சென்னைத் தெருக்களில் அடிக்கடி காதில் விழும் கேள்வி: "வீராணம் தண்ணி விட்டாங்களா?" 2004 முதல் இந்த நகரம் அந்த ஏரியைக் குடித்துக்கொண்டிருக்கிறது. கடலூர் மாவட்டத்தில், 200 கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கும் அதற்கு முழுப்பெயர் வீரநாராயணன் ஏரி. வீரநாராயணன் என்பது முதலாம் பராந்தக சோழனின் பட்டப்பெயர். 'பொன்னியின் செல்வன்' படித்தவர்களுக்கு வந்தியத்தேவன் குதிரையில் வரும் முதல் அத்தியாயத்துக் கரை நினைவிருக்கும்.

அந்த ஏரியை வெட்டியது பராந்தகனின் மூத்த மகன் ராஜாதித்தன் என்பது வழிவழியாக வரும் செய்தி. வடக்கேயிருந்து ராஷ்டிரகூடர் எப்போது வேண்டுமானாலும் இறங்கலாம் என்ற அச்சத்தில், திருநாவலூர்ப் பக்கம் பெரும்படையோடு பல வருடம் காத்திருந்தான் இளவரசன். சும்மா இருந்த வீரர்களின் கையில் மண்வெட்டியைக் கொடுத்தான். எதிரி வருவதற்குள் ஏரி வந்துவிட்டது. பிறகு எதிரியும் வந்தான். கி.பி. 949-ல், தக்கோலம் என்ற ஊரில், யானை மேல் இருந்தபடியே ராஜாதித்தன் இறந்தான். சோழர் கல்வெட்டுகள் அவனை 'ஆனைமேற்றுஞ்சின தேவர்' என்று குறிப்பிடுகின்றன.

தக்கோலம் சென்னையிலிருந்து ஏறக்குறைய 80 கிலோமீட்டர். முப்பது வருடமாகச் சென்னையில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருக்கிறேன். அந்தத் தண்ணீருக்குக் காரணமானவன் விழுந்த மண்ணை ஒருமுறைகூடப் போய்ப் பார்த்ததில்லை. இது என்னை உறுத்த ஆரம்பித்து வெகு நாளாயிற்று. கல்லூரியில் படிக்கும் என் அக்கா மகன்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் குறித்துவிட்டு, "போலாம் மாமா, சும்மா சொல்லிக்கிட்டே இருக்கீங்க" என்றான்.

பிரஸ்ஸல்ஸ் நகரத்திலிருந்து வாட்டர்லூ போகிறவர்களுக்கு அங்கே ஒரு சிங்கமேடு காத்திருக்கிறது. 226 படி ஏறி நின்றால் நெப்போலியன் தோற்ற வயல்வெளி முழுவதும் தெரியும். டில்லிக்காரர்களுக்குப் பானிபட் ஒரு காலை நேரப் பயணம். 1526, 1556, 1761 என்று மூன்று போர்களும் ஒரே ஊரில். இப்ராஹிம் லோடியின் கல்லறையும் அங்கேயே இருக்கிறது. சென்னையைச் சுற்றி நடந்த போர்கள் எண்ணிக்கையிலும் விளைவிலும் இவற்றுக்குக் குறைந்தவை அல்ல. ஆனால் ஏறிப் பார்க்க மேடு கிடையாது. அம்புக்குறி போட்ட பலகை கிடையாது. எல்லாம் நெல் வயலும் ஏரியுமாகக் கிடக்கின்றன. அதனால்தான் இந்தப் பயணத்துக்குத் திட்டம் வேண்டியிருக்கிறது. எதைப் பார்க்கிறோம் என்று தெரிந்துகொண்டு போகாவிட்டால், நாள் முழுக்கச் சுற்றியும் ஒன்றும் பார்க்காமல் திரும்பிவிடுவோம்.

எதை விடுவது?

முதலில் ஆசையைக் குறைக்க வேண்டும். ஆற்காடு என்றதும் மனம் தாவும். 1751-ல் ராபர்ட் கிளைவ் ஐம்பது நாள் முற்றுகையைத் தாங்கிய ஊர். டெல்லி கேட் என்ற வாயில் இன்னும் பாலாற்றங்கரையில் நிற்கிறது. அரிசி குறைந்தபோது இந்தியச் சிப்பாய்கள் சோற்றை வெள்ளைக்காரர்களுக்குக் கொடுத்துவிட்டுத் தாங்கள் கஞ்சித் தண்ணீரைக் குடித்தார்கள் என்ற கதை அந்த முற்றுகையில்தான் பிறந்தது. தாம்பரத்துக்கு மேற்கே மணிமங்கலம் இருக்கிறது. பல்லவ மன்னன் முதலாம் நரசிம்மவர்மன் சாளுக்கிய மன்னன் இரண்டாம் புலிகேசியைத் துரத்தியடித்த களங்களில் ஒன்று. செஞ்சி, ஆரணி, சோளிங்கர் என்று பட்டியல் நீளும். எல்லாவற்றையும் ஒரே நாளில் அடைக்கப் பார்த்தால் காரின் முன்கண்ணாடியைத் தவிர வேறெதையும் பார்த்திருக்க மாட்டோம்.

நாங்கள் மூன்றை மட்டும் வைத்துக்கொண்டோம். தக்கோலம், புள்ளலூர், வந்தவாசி. வரைபடத்தில் பார்த்தால் காஞ்சிபுரத்தை நடுவில் வைத்து வடக்கிலிருந்து தெற்காக ஏறத்தாழ ஒரே கோட்டில் அமைந்திருக்கின்றன. காலையில் வடக்கே தொடங்கி, மத்தியானம் காஞ்சியில் சாப்பிட்டு, மாலையில் தெற்கே முடித்து, மேல்மருவத்தூர் வழியாக ஜி.எஸ்.டி. சாலையைப் பிடித்தால் மொத்தம் 270 கிலோமீட்டர் போல வரும். விடிகாலை ஐந்தரைக்குக் கிளம்பினால் இரவுச் சாப்பாட்டுக்கு வீடு வந்துவிடலாம்.

கார் இல்லாதவர்கள் தயங்க வேண்டாம். செங்கல்பட்டு–அரக்கோணம் ரயில் பாதையில் காஞ்சிபுரமும் தக்கோலமும் நிலையங்கள். காஞ்சியிலிருந்து வந்தவாசிக்குப் பேருந்துகள் உண்டு. புள்ளலூருக்கு மட்டும் காஞ்சியில் ஓர் ஆட்டோ பேசிக்கொள்வது நல்லது. ஆனால் ரயிலையும் பேருந்தையும் நம்பினால் மூன்றில் இரண்டைத்தான் ஒரு நாளில் பார்க்க முடியும். அப்போது வந்தவாசியை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த மாதம் போவது? டிசம்பர், ஜனவரி என்பேன். வெயில் தாழ்ந்திருக்கும் என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், ஏரிகளில் தண்ணீர் இருக்கும். இந்தப் போர்க்களங்களைப் படிக்க ஏரிதான் எழுத்து. தொண்டை மண்டலம் பெரிய நதிகள் வற்றிக் கிடக்கும் நாடு. ஏரியால் வாழ்ந்த நாடு. சமவெளியில் ஒரு படைக்குக் கிடைக்கும் ஒரே மேடு ஏரிக்கரை. வற்றிய ஏரியின் உட்புறம் ஆயிரம் பேர் பதுங்கக்கூடிய பள்ளம். கரைக்குக் கீழே நஞ்சை. மழை பெய்தால் பீரங்கி வண்டி அச்சு வரை புதைந்துவிடும். எந்தத் தளபதி எங்கே நின்றான், ஏன் அங்கே நின்றான் என்ற கேள்விக்குப் பாதி விடை கரையிலும் மதகிலும் கலங்கலிலும் இருக்கிறது.

கொசஸ்தலையாற்று ஓரம்

பூந்தமல்லி, தண்டலம், மப்பேடு, பேரம்பாக்கம் என்று போகும் சாலையைத் தேர்ந்தெடுத்தோம். நெடுஞ்சாலை வழியாகப் போனால் சீக்கிரம் போகலாம். ஆனால் பேரம்பாக்கத்தைத் தவற விடக்கூடாது. அது ஏன் என்று பிறகு சொல்கிறேன். அந்த ஊருக்குப் பக்கத்தில்தான் கூவம் கிராமம். ஆம், அதே கூவம். திருவிற்கோலம் என்ற பாடல் பெற்ற தலம். நேப்பியர் பாலத்தில் மூக்கைப் பொத்திக்கொண்டு கடக்கும் நதிக்குப் பெயர் கொடுத்த ஊரில், காலை ஆறே முக்கால் மணிக்கு, ஏரியில் நாரை நின்றுகொண்டிருந்தது. என் மருமகன் ரொம்ப நேரம் அதைப் பார்த்தபடி நின்றான்.

தக்கோலத்துக்கு அருகே கேசவரம் அணைக்கட்டு. கொசஸ்தலையாற்றின் வெள்ளத்தில் ஒரு பங்கைக் கூவத்துக்குத் திருப்பிவிடும் இடம். மீதித் தண்ணீர் பூண்டி நீர்த்தேக்கத்துக்குப் போகிறது. அதுவும் கடைசியில் சென்னைக் குழாய்க்குத்தான். ராஜாதித்தன் வெட்டிய ஏரி தெற்கிலிருந்து வருகிறது. அவன் விழுந்த ஊரின் ஆறு மேற்கிலிருந்து வருகிறது. இரண்டும் நம் வீட்டுக் குடத்தில் சேர்கின்றன. திட்டம் போட்டபோது இதை நான் யோசிக்கவே இல்லை. அணைக்கட்டுச் சுவரில் உட்கார்ந்து வீட்டிலிருந்து கொண்டுவந்த இட்லிப் பொட்டலத்தைப் பிரிக்கும்போதுதான் தோன்றியது.

தக்கோலத்தின் பழம்பெயர் திருவூறல். சம்பந்தர் பாடிய ஊர். ஜலநாதீஸ்வரர் கோயில் நந்தியின் வாயிலிருந்து ஊற்றுநீர் வழிந்ததால் ஊறல் என்று பெயர் வந்ததாக ஊர்க்காரர்கள் சொல்வார்கள். பல்லவர் காலத்திலேயே பேர்பெற்ற ஊர். கோயிலில் ஒரு மணி நேரம் இருங்கள், அதற்குமேல் வேண்டாம். பிறகு ஆற்றங்கரைப் பக்கம் நடங்கள். பெரிய யானைப்படையும் குதிரைப்படையும் மோத இடம் கொடுக்கும் அகன்ற சமவெளி அது. அதைப் பார்த்தாலே இரு தரப்பும் ஏன் இங்கே சந்தித்தன என்பது புரியத் தொடங்கும்.

ராஜாதித்தன் எப்படி இறந்தான் என்பதற்கு இரண்டு சாட்சிகள் இருக்கின்றன. இரண்டும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போவதில்லை. சோழர் பக்கத்துச் சாட்சி ஆனைமங்கலச் செப்பேடு. நெதர்லாந்தின் லெய்டன் நகருக்குப் போனதால் லெய்டன் செப்பேடு என்று பெயர் பெற்றது. பகைவனைக் கலங்கடித்தபின், யானை மேல் இருந்த இளவரசனின் நெஞ்சில் கூரிய அம்புகள் பாய்ந்ததாக அது சொல்கிறது. எதிரிப் பக்கத்துச் சாட்சி கர்நாடகத்தின் ஆதகூர்க் கல். ராஷ்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணனுக்குத் துணையாக வந்த கங்க மன்னன் இரண்டாம் பூதுகன், தானே அம்பாரியில் நெருங்கி ராஜாதித்தனைக் கொன்றதாக அதில் இருக்கிறது.

அந்த ஆதகூர்க் கல் ஓர் இளவரசனுக்காக நட்டதல்ல, ஒரு நாய்க்காக நட்டது. தக்கோலத்தில் வீரம் காட்டிய மணலேரன் என்ற தலைவனுக்கு என்ன பரிசு வேண்டும் என்று பூதுகன் கேட்டான். காளி என்ற வேட்டை நாயைக் கேட்டு வாங்கிக்கொண்டான் மணலேரன். பின்னொரு நாள் அந்த நாய் ஒரு பெரிய காட்டுப்பன்றியோடு போராடி, பன்றியும் நாயும் சேர்ந்தே செத்தன. நாயின் நினைவாகக் கல் நட்டு, அதில் சண்டைக்காட்சியைச் செதுக்கி, கூடவே தக்கோலப் போர்ச் செய்தியையும் எழுதி வைத்தார்கள். தமிழகத்தின் தலையெழுத்தை ஒரு தலைமுறைக்கு மாற்றிய போருக்கு நம்மிடம் இருக்கும் மிக நெருக்கமான சாட்சி ஒரு நாயின் நடுகல். இதைச் சொல்லி முடித்ததும் மருமகன் அந்த நாயின் பெயரை இன்னொரு முறை கேட்டான்.

போருக்குப் பின் தொண்டை மண்டலம் ஏறக்குறைய இருபது ஆண்டு ராஷ்டிரகூடர் கையில் இருந்தது. 'கச்சியும் தஞ்சையும் கொண்ட கன்னரதேவன்' என்று மூன்றாம் கிருஷ்ணனின் பெயரால் நம் கோயில்களிலேயே கல்வெட்டுகள் வெட்டப்பட்டன. சோழர் தலைதூக்கி, ராஜராஜன் அரியணை ஏறியது 985-ல். ராஜாதித்தன் பிழைத்திருந்தால் அரச வரிசையே வேறாக இருந்திருக்கும்.

தக்கோலத்தில் இருக்கும் மத்தியத் தொழிற்பாதுகாப்புப் படையின் பயிற்சி மையத்துக்கு 2025 மார்ச்சில் ராஜாதித்த சோழன் பெயரைச் சூட்டினார்கள். நல்ல காரியம். ஊருக்குள்ளும், ஆற்றங்கரையில், வருகிறவர் படிக்க ஒரு பலகை வேண்டும். போரின் ஆண்டு, இரு தரப்பின் பெயர், இரு சாட்சிகள் சொல்வது. பத்து வரி போதும்.

இரண்டு தூண்கள்

தக்கோலத்திலிருந்து தெற்கே காஞ்சி நோக்கிப் போகும் வழியில் புள்ளலூர். காஞ்சிக்கு 15 கிலோமீட்டர் அளவு. சிறிய கிராமம். ஆனால் இதைப்போல ஆயிரத்து நூறு ஆண்டு இடைவெளியில் மீண்டும் மீண்டும் போர் பார்த்த ஊர் தமிழ்நாட்டில் அரிது.

முதல் போர் 7-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். வாதாபியிலிருந்து வந்த இரண்டாம் புலிகேசிக்கும் பல்லவ மன்னன் மகேந்திரவர்மனுக்கும் நடந்தது. புள்ளலூரில் மகேந்திரன் தன் முக்கிய எதிரிகளை அழித்தான் என்கிறது பல்லவரின் காசாக்குடிச் செப்பேடு. 634-ஆம் ஆண்டின் ஐஹொளெக் கல்வெட்டோ, சாளுக்கியப் படை கிளப்பிய புழுதியில் பல்லவன் காஞ்சி மதிலுக்குள் ஒளிந்துகொண்டான் என்கிறது. இரண்டையும் சேர்த்துப் படித்தால், புலிகேசி காஞ்சி வாசல் வரை வந்தான், உள்ளே நுழையவில்லை என்ற அளவு தெளிவாகிறது. 'சிவகாமியின் சபதம்' படித்து வளர்ந்தவர்களுக்கு இந்த ஊர்ப்பெயர் புதிதல்ல.

இரண்டாவது போர் 1780 செப்டம்பர் 10. என்னைக் கேட்டால், இந்தப் பயணத்தின் உயிர்நாடி இதுதான். பேரம்பாக்கத்தை விடக்கூடாது என்று சொன்ன காரணமும் இங்கே இருக்கிறது.

அந்த ஜூலையில் மைசூரை ஆண்ட ஹைதர் அலி கணவாய் வழியாகத் தமிழகச் சமவெளியில் பெரும்படையோடு இறங்கினார். குண்டூரில் இருந்த கர்னல் வில்லியம் பெய்லி தெற்கே வந்து, சென்னையிலிருந்து கிளம்பும் ஜெனரல் ஹெக்டர் மன்றோவின் படையோடு காஞ்சியில் சேர வேண்டும் என்பது கிழக்கிந்தியக் கம்பெனியின் உத்தரவு. மன்றோ சாதாரண ஆள் அல்ல. 1764-ல் பக்சாரில் வென்றவர். ஆகஸ்ட் 25 அன்று பெய்லி கொசஸ்தலையாற்றின் வடகரைக்கு வந்து சேர்ந்தார். ஆற்றில் தண்ணீர் இல்லை. உடனே கடந்திருக்கலாம். காலையில் கடக்கலாம் என்று வடகரையிலேயே கூடாரம் அடித்தார். இரவில் மேற்கே எங்கோ பெய்த மழை வெள்ளமாக இறங்கியது. ஒரு வாரத்துக்கு மேல் அந்தப் படையால் ஆற்றைத் தாண்ட முடியவில்லை. நம் ஊர் ஆறுகளைத் தெரிந்த எந்த விவசாயியும் வறண்ட ஆற்றை எதிரில் வைத்துக்கொண்டு இந்தப் பக்கம் படுத்திருக்க மாட்டார்.

கடந்து வந்தபோது ஹைதரின் மகன் திப்பு காத்திருந்தார். செப்டம்பர் 6-ல் பேரம்பாக்கத்தில் முதல் மோதல். அங்கிருந்து காஞ்சியில் இருந்த மன்றோவுக்குப் பீரங்கிச் சத்தமே கேட்கும் தூரம். ஆனாலும் மன்றோ தன் முழுப்படையை நகர்த்தாமல் ஆயிரம் பேரை மட்டும் கர்னல் பிளெட்சரோடு அனுப்பினார். அவர்கள் சேர்ந்ததும் பெய்லியிடம் 3,800 பேர் போல இருந்தார்கள். 9-ஆம் தேதி இரவு புறப்பட்டவர்கள், பாதி வழியில் விடியும்வரை நிற்க முடிவு செய்தார்கள். அந்த இரவைப் பயன்படுத்தி ஹைதரின் முழுப்படையும் வந்து சேர்ந்தது.

காலையில் புள்ளலூர் வெளியில் சுற்றி வளைத்தார்கள். மைசூர்ப் பீரங்கிகளும் ராக்கெட்டுகளும் சேர்ந்து அடித்தன. இரும்புக் குழாயில் மருந்தடைத்து மூங்கிலில் கட்டிய அந்த ராக்கெட்டுகள் அன்றைய ஐரோப்பா அறியாதவை. நடுவே பெய்லியின் வெடிமருந்து வண்டிகள் வெடித்தன. அதோடு கதை முடிந்தது. பிளெட்சர் இறந்தார். பெய்லி சிறைபட்டு, ஸ்ரீரங்கப்பட்டணத்தில் 1782-ல் இறந்தார். அவரோடு சிறைபட்ட டேவிட் பெயர்ட் என்ற இளம் கேப்டன் பல வருடம் சங்கிலியில் கிடந்துவிட்டு வெளியே வந்தார். 1799-ல் அதே ஸ்ரீரங்கப்பட்டணக் கோட்டையின் மேல் பாய்ந்த படைக்குத் தலைமை தாங்கியவர் அவர்தான். திப்பு இறந்தது அன்று.

காஞ்சியில் மன்றோ புறப்பட்டது தாமதமாக. வழியில் காயம்பட்ட சிப்பாய்களிடமிருந்து செய்தி தெரிந்ததும் திரும்பிவிட்டார். கனமான பீரங்கிகளைக் காஞ்சிக் குளமொன்றில் தள்ளிவிட்டு, செங்கல்பட்டு வழியாகச் சென்னைக்கு ஓடினார்.

திப்பு இந்த வெற்றியை ஸ்ரீரங்கப்பட்டணத்து தரியா தௌலத் மாளிகைச் சுவர் முழுக்கத் தீட்ட வைத்தார். பல்லக்கில் உட்கார்ந்து விரலைக் கடிக்கும் பெய்லி, நடுவே வெடித்துச் சிதறும் வண்டி, யானை மேல் ஹைதர். அந்தக் காட்சியின் தாள் ஓவியம் ஒன்று 2022-ல் லண்டன் ஏலத்தில் ஆறு லட்சம் பவுண்டுக்கு மேல் போயிற்று.

புள்ளலூரில் வண்டியை நிறுத்தி, ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவரிடம் வழி கேட்டோம்.

"சமாதி பாக்க வந்தீங்களா தம்பி? அந்த வரப்பு மேலேயே போங்க. ரெண்டு தூண் தெரியும்."

"எந்தச் சண்டைன்னு தெரியுமா தாத்தா?"

"திப்பு சுல்தான் சண்டை. எங்க தாத்தா சொல்லுவாரு, ஏர் ஓட்டுனா குண்டு கெடைக்கும்னு."

வயல் நடுவே இரண்டு செங்கல் தூண்கள். பலரும் இவற்றை 1780-ன் நினைவுச்சின்னம் என்று நினைக்கிறார்கள். அப்படியல்ல. ஏறக்குறைய ஓராண்டு கழித்து, 1781 ஆகஸ்ட் 27-ல், இதே இடத்தில் மூன்றாவது போர் நடந்தது. பெய்லியை வென்ற ராசியான மண் என்று ஹைதர் இந்த இடத்தையே தேர்ந்தெடுத்தார். எதிரே வந்தவர் சர் அயர் கூட். யாருக்கும் தெளிவான வெற்றி கிடைக்கவில்லை. அன்று விழுந்த கேப்டன் ஜேம்ஸ் ஹிஸ்லாப், லெப்டினன்ட் கர்னல் ஜார்ஜ் பிரவுன் ஆகிய இருவருக்கானவை இந்தத் தூண்கள்.

இரண்டு பெயர்கள் கல்லில் இருக்கின்றன. பெய்லியின் 3,800 பேரில் மிகப் பெரும்பாலோர் இந்தியச் சிப்பாய்கள். எதிர்ப்பக்கம் செத்தவர்களும் இந்த மண்ணின் மனிதர்கள். படைகள் போன வழியெல்லாம் எரிந்த கிராமங்களும், வெட்டி விடப்பட்ட ஏரிகளும், பஞ்சத்தில் சென்னைக்கு ஓடிவந்த குடும்பங்களும் உண்டு. அவர்களில் ஒருவருடைய பெயரும் எங்கும் எழுதப்படவில்லை. அந்தத் தூண்களின் முன்னால் நின்றபோது எனக்கு ஹிஸ்லாப் மேலும் பிரவுன் மேலும் வருத்தம் வந்தது, பொய் சொல்லவில்லை. ஆனால் தொண்டையை அடைத்தது மற்றவர்களின் நினைவு.

நடைமுறைச் செய்தி ஒன்று. இங்கே கடை இல்லை, கழிப்பறை இல்லை, நிழலும் குறைவு. பெண்களையும் பெரியவர்களையும் அழைத்து வருகிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். தொப்பி, இரண்டு பாட்டில் தண்ணீர், சேற்றுக்குத் தாங்கும் செருப்பு. வரப்பில் நடக்கும்போது பயிரை மிதிக்காதீர்கள். அந்த நிலங்களுக்குச் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள்.

காஞ்சியில் ஒரு மணி நேரம்

காஞ்சியைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை. அதற்குத் தனி நாள் வேண்டும். சாப்பிட்டோம், முகம் கழுவினோம், குடலை இட்லி கிடைத்தது. வைகுந்தப்பெருமாள் கோயில் திறந்திருக்கும் நேரமாக இருந்தால் அரை மணி ஒதுக்குங்கள். பல்லவர் வரலாற்றைச் சுற்றுமதில் முழுக்கச் சிற்பமாக வரிசைப்படுத்தியிருக்கிறார்கள். போர்க்காட்சிகளும் உண்டு. காலையில் பார்த்த வெற்று வயல்களில் யானையும் குதிரையும் ஏற்றிப் பார்க்க அது உதவும். மத்தியானம் நடை சாத்திவிடுவார்கள் என்பதால் பன்னிரண்டுக்கு முன் வந்து சேர முயலுங்கள்.

வந்தவாசி வெளி

காஞ்சியிலிருந்து தெற்கே 40 கிலோமீட்டர். கோரைப்பாய்க்குப் பேர்போன ஊர். பள்ளிப் பாடத்தில் ஒரே வரியில் கடந்துவிட்ட போர்: 1760 ஜனவரி 22, ஆங்கிலேயர் பிரெஞ்சுக்காரரை வென்றனர். அந்த ஒரு வரிக்குள் இந்தியாவில் பிரெஞ்சுப் பேரரசு என்ற கனவு அடங்கிப்போனது.

பிரெஞ்சுத் தளபதி லாலி வந்தவாசிக் கோட்டையை முற்றுகையிட்டிருந்தார். அதை மீட்க வந்தவர் அயர் கூட். புள்ளலூரில் 55 வயது வாக்கில் ஜெனரலாகப் பார்த்தோமே, அதே ஆள், 34 வயது வாக்கில். ஒரே பகலில் ஒரு மனிதனின் இளமையையும் முதுமையையும் இரண்டு களங்களில் பார்த்துவிடுகிறோம். ஊருக்கு வடக்கே மலை தெரியும். கூட் அந்த அடிவாரத்தை ஒட்டியே தன் படையை நகர்த்தினார். குதிரைப்படை பாய முடியாத கரடு முரடான நிலம் அது. சமவெளியில் இருந்த லாலி, கூட் போட்ட கணக்குக்குத் தக்கபடி திரும்பி நிற்க வேண்டியதாயிற்று.

பிரெஞ்சு வரிசையின் ஒரு முனையில் ஓர் ஏரி. அதன் கரையைப் பலப்படுத்தி, பீரங்கி வைத்து, கோட்டைபோல் ஆக்கியிருந்தார்கள். அங்கே ஒரு குண்டு விழுந்து வெடிமருந்து வண்டி வெடித்தது. எண்பது பேர் வரை அங்கேயே வீழ்ந்தார்கள். மிச்சம் இருந்தவர்கள் கரையை விட்டு ஓட, ஆங்கிலப் படை அந்தக் கரையைப் பிடித்தது. பக்கவாட்டிலிருந்து சுட ஆரம்பித்ததும் முழு வரிசையும் சரிந்தது. மீட்கப் பாய்ந்த புஸ்ஸியின் குதிரை அடிபட்டு, அவர் சிறைபட்டார். தென்னிந்தியாவைப் பிரெஞ்சுக்காரர்களில் யாரையும்விட நன்றாக அறிந்தவர் அவர். பணம் வாங்கிக்கொண்டு வந்திருந்த மராட்டியக் குதிரைப்படை தூரத்தில் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டது.

காலையில் புள்ளலூர், மாலையில் வந்தவாசி. இரண்டிலும் போரைத் தீர்த்தது ஒரு மருந்து வண்டி. ஒன்றில் ஆங்கிலேயருடையது, மற்றதில் பிரெஞ்சுக்காரருடையது. கோட்டையின் இடிந்த மதிலில் ஏறி நின்று மருமகன் ஏரிப் பக்கம் கை நீட்டினான். "அந்தக் கரை கைமாறாம இருந்திருந்தா, மாமா, நாம பிரெஞ்சு படிச்சிருப்போமா?" பதில் சொல்லத் தெரியாமல் மலையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

கோட்டை பெரும்பாலும் இடிந்துவிட்டது. அகழியின் அடையாளமும் மதில் துண்டுகளும் இருக்கின்றன. சுற்றி வீடுகள். மாலை வெயில் மலை மேல் விழும் ஐந்து மணி வாக்கில் அங்கே இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

ஓராண்டு கழித்து, 1761 ஜனவரியில் புதுச்சேரி விழுந்தது. கால் நூற்றாண்டாகத் தமிழில் நாட்குறிப்பு எழுதிவந்த ஆனந்தரங்கப் பிள்ளை, அதற்குச் சில நாள் முன்புதான் அங்கே கண்ணை மூடினார். லாலியைப் பாரிஸில் துரோகக் குற்றம் சாட்டி 1766-ல் தலையை வெட்டினார்கள்.

திரும்பி வந்த பிறகு

இரவு ஒன்பதுக்கு வீடு. உடம்பு முழுக்கப் புழுதி. பயணம் அங்கே முடிந்துவிட்டதாகத்தான் நினைத்தேன். மறுவாரம் ஒரு மாலை, மெட்ரோவில் திருவொற்றியூர் தேரடியில் இறங்கி ஆதிபுரீஸ்வரர் கோயிலுக்கு நடந்தோம். தக்கோலத்தின் கடைசிப் பக்கம் அங்கே இருக்கிறது.

ராஜாதித்தனுக்குக் கேரளத்தைச் சேர்ந்த வல்லபன் என்றொரு நண்பன் இருந்தான், படைத்தலைவனும்கூட. தக்கோலத்தில் தன் இளவரசன் இறந்த அன்று அவனோடு சேர்ந்து உயிர்விட வல்லபனுக்குக் கொடுத்து வைக்கவில்லை. அந்த வெட்கம் அவனைத் துரத்தியது. கங்கைக்குப் போய் நீராடி, உலக வாழ்வைத் துறந்து, திரும்பி வந்து திருவொற்றியூர் மடத்தில் நிரஞ்சன குருவிடம் சீடனானான். சதுரானன பண்டிதர் என்று பெயர் மாறியது. பிற்காலத்தில் அந்த மடத்தின் தலைவராகவும் ஆனார். கோயிலுக்கு அவர் பொன் கொடுத்த செய்தியோடு இந்த முழுக் கதையையும் ஒரு வடமொழிக் கல்வெட்டு சொல்கிறது.

கல்வெட்டு என்றால் அதில் ஆட்சியாண்டு போட வேண்டும். அப்போது திருவொற்றியூர் யார் ஆட்சியில் இருந்ததோ அவருடைய ஆண்டைத்தான் போட முடியும். நண்பனைக் கொன்ற படையை நடத்திவந்த கன்னரதேவனின் ஆண்டு அதில் போடப்பட்டிருக்கிறது.

கோயிலில் மாலைப் பூசை மணி அடித்தது. மருமகன் செல்போனை உள்ளே வைத்துவிட்டு, "அந்தப் பண்டிதருக்கும் வீராணம் ஏரி தெரிஞ்சிருக்கும் இல்ல மாமா? வெட்டுனப்ப கூட இருந்திருப்பாரு" என்றான். இருந்திருப்பார் என்றேன். வெளியே வந்து தேரடியில் ஆளுக்கொரு பாட்டில் தண்ணீர் வாங்கினோம்.